விரல் நீள மீன்

குளத்துக்குப் போகும் அன்று தொட்டுக்கொள்ள எதையும் எடுத்து வரக் கூடாது என்று என் கணவர் ஹம்புலோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் விடிவதற்கு முன்பே ஒரு சேவலைப் பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். அவர் வந்து கூடையைத் தூக்கினார். சேவல் இறக்கையை உதறிக்கொண்டு மாட்டுப் பட்டிப் பக்கம் ஓடிவிட்டது.

"மீன் பிடிக்கப் போறவன் கோழியையும் தூக்கிட்டுப் போனா உங்கண்ணன் என்ன நெனைப்பான்? மாவு மட்டும் எடுத்துக்க. மீதிய குளம் பாத்துக்கும்" என்றார்.

விவசாயிகள் தினம், திங்கட்கிழமை விடுமுறை. என் அண்ணன் முலேயா, அண்ணி புபாலா, அவர்கள் மகள் சோல்வே மூவரும் முந்தின நாள் மாலையே லிவிங்ஸ்டனிலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தார்கள். அண்ணன் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுகிறார். ரீல் வைத்த இரண்டு புதுத் தூண்டில்களைக் காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஹம்புலோ அவரிடம் ஒரு மாதமாகத் தொலைபேசியில் இந்தக் குளத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மீன் எவ்வளவு நீளம் என்று பேச்சு வரும்போதெல்லாம் இடது கையை நீட்டி, வலது கையால் முழங்கை வரை தொட்டுக் காட்டுவார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவர் சோமா டவுனில் உயர்நிலைப் பள்ளியில் விவசாயப் பாடம் நடத்துகிறார். மீன் குளத்தின் படம் அவர் வகுப்புக் கரும்பலகையில் எப்போதும் இருக்கும். தண்ணீர் வரும் வழி, போகும் வழி, கரையின் சரிவு எல்லாம் அளவோடு போட்டிருப்பார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் நிலத்தின் கீழ்க்கோடியில், ஈரம் வற்றாத புல்வெளி ஓரமாகக் குளத்தை வெட்டினார். முந்நூறு ஜிலேபி மீன் குஞ்சுகளை வாங்கி விட்டார். பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை அவர் பள்ளியிலேயே தங்கினார். நான் தினமும் காலையில் சோளத்தவிட்டைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தேன்.

அதனால் அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் தவிடு போட்டால் உள்ளங்கை அகலத்துக்கு மீன்கள் வந்து வாயைத் திறக்கும். இந்த வருஷ மழைக்குப் பிறகு அவை வருவதே இல்லை. தண்ணீரில் உலை கொதிப்பது போலக் குஞ்சுகள்தான் மொய்க்கும். வாரம் ஆக ஆக அவற்றின் எண்ணிக்கை கூடியதே தவிர நீளம் கூடவில்லை. இதை ஏப்ரலில் அவரிடம் சொன்னேன். பெரிய மீனுக்கு அறிவு உண்டு, அடியில்தான் கிடக்கும் என்றார். போன வாரம் அண்ணனிடம் முழங்கைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேண்டாம், பிறகு தலைகுனிவு என்று பக்கத்தில் நின்று சைகை காட்டினேன். தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, தேநீர் ஆயிற்றா என்று கேட்டார்.

குளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. ஆகஸ்ட் குளிர் இன்னும் விடவில்லை. தெற்கிலிருந்து காற்று ஊசி மாதிரி வந்தது. எனக்கு அன்று ஒரே ஒரு ஆசை இருந்தது. வெயில் படும் இடமாகப் பார்த்து ஒரு துணியை விரித்து, காலை நீட்டி, யாரும் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். துணியை விரித்தேன். உட்காருவதற்குள் மண்புழு போதவில்லை என்றார் ஹம்புலோ. தோண்டிக் கொடுத்தேன். சின்னவள் சிபேகோவுக்கு நாலு வயது. அவள் செருப்பு சேற்றில் புதைந்துவிட்டது. அதை எடுத்துக் கழுவினேன். அண்ணி அடுப்பு மூட்ட விறகு தேடினார். நானும் போனேன். திரும்பி வந்தபோது என் துணியின் மேல் அண்ணன் தூண்டில் பெட்டியைப் பரப்பி வைத்திருந்தார். இனி யாரும் பேசக் கூடாது, மீனுக்குக் காது கேட்கும் என்று ஹம்புலோ எல்லோருக்கும் உத்தரவு போட்டார். உத்தரவு போட்டுவிட்டு, குளிர் நாளில் மீன் ஏன் மெதுவாகக் கடிக்கும் என்பதைப் பத்து நிமிஷம் விளக்கினார்.

தக்கைகள் நாலும் தண்ணீரில் நட்டு வைத்தது போல நின்றன. ஒன்பது ஆயிற்று. அண்ணன் கழுத்தைத் திருப்பிக் கேட்டார்:

"மச்சான், இந்தக் குளத்துல மீனத்தான் விட்டியா, இல்ல போர்டுல வரைஞ்ச மீனை அழிச்சு விட்டியா?"

மச்சான் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கம். ஹம்புலோ சிரித்தார். பல் மட்டும் தெரிந்தது. வெயில் ஏறட்டும் என்றார்.

வெயில் ஏறியது. பத்து மணிக்கு அண்ணனுடைய தக்கை ஒரு முறை முங்கி எழுந்தது. அவர் ஆவலாக ரீலைச் சுற்றினார். வந்தது என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளமான ஒரு ஜிலேபி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"இதுல மீன் முள் எது, தூண்டில் முள் எதுன்னு தெரியலையே, மச்சான்."

அதன் பிறகு மீன்கள் விடாமல் கடித்தன. நாலு தூண்டிலிலும் மாற்றி மாற்றி ஏறின. எல்லாம் ஒரே அளவு. ஏதோ ஒரு அச்சில் போட்டு எடுத்தது போல. ஹம்புலோ ஒவ்வொன்றாக அவிழ்த்து, வளரட்டும் என்று தண்ணீரிலேயே திரும்ப விட்டார். அண்ணன் பிடித்ததையும் வாங்கி விட்டார். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். அதைக் கொடுங்கள், தலையோடு எண்ணெயில் போட்டால் மொறுமொறு என்று இருக்கும், சந்தையில் விற்கும் கப்பெண்டாப் பொடிமீன் மாதிரி சாப்பிடலாம் என்றேன். குஞ்சைப் பொரித்துத் தின்றுவிட்டு வந்தோம் என்று உன் அண்ணன் லிவிங்ஸ்டன் முழுக்கச் சொல்லட்டும் என்கிறாயா என்று அடிக்குரலில் கேட்டார். எனக்குத் தெரிந்து ஐம்பது மீன் அந்தக் கையால் திரும்பிப் போனது. வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

இதற்கிடையில் எங்கள் மூத்தவள் லுவேந்தோவும் சோல்வேயும் கரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். மீன்கொத்தி கரையில் வளை தோண்டியிருக்கிறது, அதில் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சிபேகோவும் கூடப் போவேன் என்று அழுதாள். சரி போங்கள் என்று அனுப்பினேன். அனுப்பியதால் உட்கார முடியவில்லை. மூன்று தலைகளும் நாணலுக்கு மேலே தெரிகின்றனவா என்று எண்ணிக்கொண்டே நின்றேன். இரண்டு தலை தெரியும், மூன்றாவது தெரியாது. கூப்பிட வாயைத் திறந்தால் மீனுக்குக் காது கேட்கும் என்று இவர் திரும்பி முறைப்பார்.

அரை மணி நேரம் கழித்து மூவரும் முழங்கால் வரை சேற்றோடு வந்தார்கள். லுவேந்தோவுக்கு மூச்சு வாங்கியது. குளத்தில் தண்ணீர் நிரம்பி வழியும் குழாய் வாயில் கம்பிவலையே இல்லை என்றாள். குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கால்வாய் போகிறது, அது பினா மூண்டேயின் தோட்டத்துக்கு மேலே ஒரு மடுவில் விழுகிறது, அந்த மடுவில் பெரிய பெரிய மீன் ஓடுகிறது என்றாள்.

பினா மூண்டே எங்களுக்குக் கீழ்ப்புறத்து நிலத்துக்காரி. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. தனியாகக் காய்கறி போட்டு டவுன் சந்தைக்கு அனுப்புகிறாள்.

ஹம்புலோ தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீங்கள் பார்த்தது தவளையாக இருக்கும் என்றார்.

"தவளைக்கு செதில் இருக்குமாப்பா?" என்று கேட்டாள் லுவேந்தோ.

கம்பிவலை என்றதும் எனக்குப் பழையது நினைவுக்கு வந்தது. பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து குளம் கரைமட்டத்துக்கு வந்தபோது, அந்த வலை ஒரு பக்கம் பிய்ந்து தொங்குவதைப் பார்த்து இவரிடம் சொன்னது நான்தான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் தேர்வு வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஈஸ்டர் அன்று பினா மூண்டே ஒரு இலையில் சுற்றி இரண்டு பெரிய ஜிலேபி கொடுத்தனுப்பியிருந்தாள். தக்காளி போட்டுக் குழம்பு வைத்தேன். ஹம்புலோ தலையை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, என்னதான் குளத்தில் வளர்த்தாலும் இந்த ருசி வராது, இது ஆற்று மீன் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டுத் தவிட்டைத் தின்று வளர்ந்த மீன் அது. இதை நினைத்தபோது சிரிப்பு வந்திருக்க வேண்டும். முகம்தான் சுட்டது.

பன்னிரண்டரைக்கு அண்ணி களியைக் கிண்டி இறக்கிவிட்டார். ஏழு உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வைத்து மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். பைக்குள் கையை விட்டு, வழியில் தின்னக் கொண்டுவந்த தக்காளி இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு தக்காளி, கொஞ்சம் உப்பு. ஏழு பேர். அண்ணன் பார்வையைத் தூரத்தில் எங்கேயோ வைத்துக்கொண்டு, பரவாயில்லை, எனக்கு அவ்வளவாகப் பசியில்லை என்றார். காலையிலிருந்து வாய் ஓயாமல் கேலி செய்தவர் இப்போது கேலி செய்யாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"லுவேந்தோ அப்பா, கோழி இருந்துச்சு. நீங்கதான் தொறந்துவிட்டீங்க. மீன் இருந்துச்சு. அதையும் நீங்கதான் தொறந்துவிட்டீங்க. இப்ப எங்கண்ணன் களிய எதுல தொட்டுத் திங்கணும்? இந்தக் குளத்துத் தண்ணியிலயா?"

நான் உரக்கப் பேசவில்லை. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. இவர் தூண்டிலைக் கரையில் வைத்தார். பொறுமையாக நூலைச் சுற்றி, முள்ளைத் தக்கையில் குத்தி வைத்தார். பிறகு எழுந்து குழாய்ப் பக்கம் நடந்தார். குழந்தைகள் முன்னால் ஓடின. நாங்களும் பின்னால் போனோம்.

லுவேந்தோ சொன்னது அத்தனையும் உண்மை. மடு ஒரு மாட்டுவண்டி அகலம்தான் இருக்கும். தெளிந்த தண்ணீர். உள்ளே என் முன்கை நீளத்துக்கு மீன்கள் அசையாமல் நின்றன. எங்கள் நிழல் விழுந்ததும் நாணலுக்கடியில் போய்விட்டன. பினா மூண்டே கோசுப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லோரையும் விசாரித்தாள். ஹம்புலோ விஷயத்தைச் சொன்னார். இவை மழையில் வழிந்து வந்த எங்கள் குளத்து மீன்கள் என்று முடித்தார்.

"எனக்கென்னய்யா தெரியும்? கழுத்துல பேர் எழுதியா விட்டீங்க?" என்றாள் அவள். "உங்க மீன்தான்னா ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்க, வாத்தியாரே. பாடம் கேட்ட மீன் எழுந்து நிக்கும்ல?"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பினா மூண்டேயின் குலமும் என் கணவரின் குலமும் கேலி முறை. ஒருவர் வீட்டுச் சாவில்கூட மற்றவர் வந்து கேலி பேசலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. காலையிலிருந்து மச்சான், இப்போது இவள். கோபப்பட அனுமதியில்லாத இரண்டு பேருக்கு நடுவே என் கணவர் நின்றார். காதுகள் துடிப்பதைப் பார்த்தேன். நல்லது, குழாயை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் தூண்டிலை மடுவில் போட்டார். நூறு எண்ணுவதற்குள் ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. ஐந்து ஆனதும் போதும் என்றாள் பினா மூண்டே. அவளே எண்ணெயும் வெங்காயமும் எடுத்து வந்தாள், தன் முற்றத்தில் அடுப்பு மூட்டினாள். ஆறிப்போன களியை அவள் நாய்களுக்குப் போட்டுவிட்டுப் புதிதாகக் கிண்டினோம். மூன்று மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, எங்கள் மீனை எங்களுக்கே விருந்து வைப்பவளுக்கு நாங்கள் நன்றி சொன்னோம். அண்ணன் இரண்டு தட்டு சாப்பிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்த ஒரே நேரம் அதுதான். நான் மட்டும் குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹம்புலோ வரவில்லை. சிபேகோவை அனுப்பினேன். வேலை இருக்கிறது என்று அப்பா சொன்னார் என்று திரும்பி வந்தாள்.

ஒரு தட்டில் களியும் நடுத்துண்டு மீனும் வைத்து நானே எடுத்துப் போனேன். அவர் குழாய் வாயில் குந்தி, வேலியிலிருந்து வெட்டி வந்த கம்பித் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். புறங்கை கீறி ரத்தம் வந்திருந்தது. பள்ளிக்குப் போடும் சட்டையின் கை சேற்றில் தோய்ந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டு நான் திரும்பியிருக்கலாம்.

"நான்தான் சொன்னேனே" என்றேன்.

"எப்ப சொன்ன?"

பிப்ரவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை, போன வாரம் ஒரு தடவை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். எந்த இடத்தில் நின்று சொன்னேன், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொன்னேன். கம்பியை முறுக்கியபடியே கேட்டார்.

"நீ சொல்ற மாதிரி சொன்னா யாருக்குப் புரியும், சீலோ? அடுப்பு, துணி, கோழின்னு பேச்சோட பேச்சா சொல்லிட்டுப் போயிடுவ. அதுல இது எதுன்னு நான் கண்டேன்?"

அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். என் வாயிலிருந்து வருவதெல்லாம் அவருக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டிருக்கிறது, இரண்டு வருஷமாக. இந்தக் குளத்தை வடித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம், குஞ்சுகளைக் காயவைத்தால் கப்பெண்டாபோலப் பயன்படும், இப்படியே விட்டால் ஒரு நாளும் வளராது என்று மட்டும் சொன்னேன். யோசிக்கலாம் என்றார். தட்டைக் கரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அண்ணன் குடும்பம் அன்று மாலையே கிளம்பியது. பினா மூண்டே ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்த இரண்டு மீனை அண்ணி மடியில் வைத்துக்கொண்டார். காரில் ஏறும்போது அண்ணன் என் தோளைத் தட்டி, நல்ல நாள், அடுத்த வருஷமும் வருவோம் என்றார். அவருக்கு அது நல்ல நாளாகத்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே ஹம்புலோ பஸ் ஏறிப் போய்விட்டார். நான் தவிட்டை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். கரையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் தண்ணீர் கொதித்தது. ஆயிரம் சின்ன வாய்கள். தவிட்டைப் போடவில்லை. யோசிக்கலாம், யோசிக்கலாம் என்று அவர் குரல் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே போய்ப் பினா மூண்டேயைக் கூட்டி வந்தேன். குளத்தின் அடியில் தண்ணீரை வடிக்கும் குழாயை அடைத்திருந்த மரக்கட்டையை இரண்டு பேரும் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கினோம். குளம் வடிய மதியம் ஆயிற்று. இடுப்புத் துணியை விரித்தும் கூடையால் அள்ளியும் பதினோரு பேசின் மீன் எடுத்தோம். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. இரண்டு வீட்டுக் கூரையிலும் மீன் காய்ந்தது. வெள்ளிக்கிழமை வரை அந்தப் பக்கம் போன எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளி மாலை அவர் வந்து நேரே குளத்துக்குத்தான் போனார். வெடித்துக் காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு கரையில் வெகுநேரம் நின்றாராம், லுவேந்தோ சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு ஞாயிறு பிற்பகல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனேன். அடிச்சேற்றை அள்ளிக் கரையில் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் வரும் வாயை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். கேட்டது என்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் அங்கே இல்லை.

மேற்கு மூலையில் என்றேன். அங்கேதான் மண் கெட்டி, மழையில் கரையாது. படத்தில் அப்படி இல்லையே என்றார். படத்தில் மழை இல்லை என்றேன். அதைப் பற்றி இருட்டும்வரை வாதாடினோம். கடைசியில் மேற்கு மூலையில்தான் வெட்டினார், முணுமுணுத்துக்கொண்டே.

அக்டோபரில் புதுக் குஞ்சுகள் வந்தன. மறுபடியும் குஞ்சு பொரித்துப் பெருகி வளராமல் போய்விடக் கூடாதென்று, இந்த முறை ஆண் மீன்களாகப் பொறுக்கி நூற்றைம்பது மட்டும் விட்டோம். நீ சொன்னது சரிதான், நான்தான் கேட்கவில்லை என்று அவர் ஒரு தடவை சொல்வார் என்று நான் டிசம்பர் வரை எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தவிடு தீர்ந்திருக்கும் என்று நினைத்து, டவுனிலிருந்து ஒரு மூட்டையைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கினார். எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். உள்ளே, எலி ஏறாத இடத்தில் என்றேன்.